அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாத சங்கம்

அன்பிற்கினிய தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ நலமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டுதான் சுற்றுலாக் கூட்டத்தை மேய்க்கிறாய் என்றெல்லாம் நம்புகிறேன். நம்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். ஆனால் மூவரில் ஒருத்தி பேசுவதை நிறுத்தினாள், ஒருவர் பேசினாலும் விஷயத்தைச் சொல்வதில்லை, மூன்றாமவள் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறாள். நலத்தை நீயே பார்த்துப் போட்டுக்கொள். போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே சிரிப்பாய், இரண்டாவது வாக்கியத்தில் "அக்கா, பஸ் வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான் வீடு அடங்கும்வரை காத்திருந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். விடுமுறைக்கு உன் ஊருக்கு வந்தபோது, நானும் உன் அத்தானும் மெத்தை வாங்கக் கடைக்குப் போன அந்த அரை நாள், உன் மருமகளை உன்னிடம் விட்டுவிட்டுப் போனோம். நீயும் தாய்மாமன் என்ற பொறுப்போடு, நாட்டை நிறுவிய ஐவரின் சிலைகள் நிற்கிற சதுக்கத்துக்கு, சுற்றுலாக் கூட்டத்துக்கு நீ தினமும் கதை அளக்கிற அதே இடத்துக்கு, அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். போனவள் யார்? பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டு வாசல்வரை யார் பென்சில் உடைந்தது, எந்த டீச்சருக்கு ஜலதோஷம், எவன் ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிற ஏழு வயதுப் பெண். ஊரே ரேடியோ என்று கூப்பிடுகிற பிள்ளை. ஐந்து சிலைகளைப் பார்க்கப் போனவள் ஆறாவது சிலையாகத் திரும்பி வந்தாள். ரயிலில், "மாமா என்னடி காட்டினான்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பயணக் களைப்பு என்று உன் அத்தான் சொன்னார். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே பயணக் களைப்புதான். அந்த வாரம் போய் அடுத்த வாரமும் வந்துவிட்டது, களைப்பு தீரவில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கேட்டதற்குத் தலையாட்டுகிறாள், நடுநடுவே இடது காதை மட்டும் இழுத்துக்கொள்கிறாள். காதில்தான் ஏதோ கோளாறு, காது அடைத்தால் வாய் அடைக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம் வந்து, குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் "ஆ சொல்லு" என்றார். "ஆ" என்றாள். அத்தனை நாளில் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். "தொண்டை நல்லா இருக்கு, காது நல்லா இருக்கு. ரொம்ப அமைதியான குழந்தைங்க" என்று பாராட்டினார். "டாக்டர், அதுதான் வியாதியே" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு டானிக் எழுதினார். மருந்துக் கடையில் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அது எனக்கு.

அதோடு நின்றதா? வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "உங்க பொண்ணு பேசறதே இல்லைங்க" என்றார். "எனக்கும் அதே கவலைதாங்க" என்றேன். "அவ பேசலைன்னா பரவாயில்லைங்க. வகுப்புல பாதிப் பேரு பேசறதில்லை. ஒருத்தரை ஒருத்தர் பாத்தா காதை இழுத்துக்கறாங்க, இடைவேளையில மாடிப்படிக்கு அடியில வட்டமா உக்காந்துக்கறாங்க, என்னன்னு கேட்டா சத்தியம் பண்ணியிருக்கோம் மிஸ்ங்கறாங்க. முதல் ரெண்டு நாள் எனக்கே நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பயமா இருக்கு." கரும்பலகை ஓரத்திலும் கழிவறைக் கதவிலும் தலைமையாசிரியர் அறை வாசலிலும் சாக்பீஸால் ஒரு காம்பஸ், ஒரு மூலைமட்டம், நடுவில் ஒரு கண். யார் வரைந்தது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காத பள்ளிக்கூடத்தை நீ பார்த்திருக்கிறாயா? அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் மிரண்டுபோயிருக்கிறார்.

இந்த லட்சணத்தில் அதே கண் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கதவுகளிலும் முளைத்துவிட்டது. காவலாளி பார்த்துவிட்டு, "இது திருடன் போடற அடையாளம்மா. ஒரு கண்ணு போட்டா பகல்ல ஆள் இல்லாத வீடு. ரெண்டு கண்ணு போட்டா உள்ள சரக்கு இருக்கிற வீடு" என்றார். எங்கள் கதவில் மூன்று கண் இருந்தது. அவர் மூன்றைப் பற்றி எதுவும் சொல்லாமல் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். அன்றைக்கே குடியிருப்போர் கூட்டம். மேல்வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தலைமையில், திருடனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால் மொட்டை மாடியில், விளக்கை அணைத்துவிட்டு. பேசியதை வெளியே சொல்வதில்லை என்று ஆளுக்கொரு சத்தியம், கேட்டைத் திறக்க வாரம் ஒரு ரகசியச் சொல். வேடிக்கை பார்க்கப் போன உன் அத்தான் செயலாளராகத் திரும்பி வந்தார்.

"என்ன பேசினீங்க?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம்."

"நான் உங்க பெண்டாட்டி."

"அதுக்குத் தனியா ஒரு தீர்மானம் போட்டிருக்கோம்."

ஆக, இருப்பது மூன்று பேர் உள்ள குடும்பம், அதில் இரண்டு ரகசியச் சங்கம், எதிலும் சேராமல் நடுவில் நான். சாப்பாட்டு மேஜையில் இந்தப் பக்கம் பார்த்தால் மகள் காதை இழுக்கிறாள், அந்தப் பக்கம் பார்த்தால் அப்பா தொண்டையைக் கனைக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் மௌனம். அதைவிட இடியே தேவலாம்.

உண்மை எப்படி வெளிவந்தது தெரியுமா? பால் வாங்கிக்கொண்டு வருகிறேன், காவலாளி கேட்டை மறித்துக்கொண்டு, "ரகசியச் சொல் சொல்லுங்கம்மா, செயலாளர் உத்தரவு" என்கிறார். என் வீட்டுக்குள் போக என் புருஷன் போட்ட உத்தரவு. கோபத்தில் எனக்கு எப்போதும் காது சூடாகும், உனக்குத் தெரியுமே, கையை வைத்துத் தேய்த்துக்கொண்டேன். அங்கே கயிறு தாண்டிக்கொண்டிருந்த பல் டாக்டரின் மகள் இதைப் பார்த்துவிட்டுத் தன் காதை ஒரு இழுப்பு இழுத்தாள். பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, நீங்களும் சேந்துட்டீங்களா? கூட்டம் நாளைக்கு, படிக்கட்டுக்கு அடியில" என்றாள். நானும் சளைக்காமல், "தலைவர் யாரு?" என்று கேட்டேன். "உங்க ரேடியோதான் ஆன்ட்டி. அவங்க மாமாதான் சத்தியம் வாங்கினாரு. அந்த அஞ்சு பேரும் அம்மாகிட்டகூட சொன்னதில்லையாம்" என்றாள். ஐவரின் ரகசியச் சங்கம், சுரங்கம், ரத்தக் கையெழுத்து என்று நீ அளந்த மீதியையும் அவளே ஒப்பித்தாள்.

கதவுக் கண்கள் பிள்ளைகள் வரைந்தவை என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் உடனே போய்ச் சொன்னேன். "இருக்கட்டுங்க, ஆரம்பிச்சதை எப்படிச் சட்டுனு நிறுத்தறது, பொருளாளர்கூடப் போட்டாச்சு" என்றார். அது அவர்கள் பாடு. நான் உன்னிடம் வருகிறேன். திருடன், மர்மம், எலும்புக்கூடு எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அந்த 'அம்மாகிட்டகூட' எங்கேயிருந்துடா வந்தது? நான் மூன்று வருடம் சரித்திரம் படித்தவள். என் குறிப்புகளைப் படித்துத்தான் நீ வழிகாட்டிப் பரீட்சையில் தேறினாய். அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது சுரங்கம்? அங்கே ஒரு சிலையின் விரல் தரையைக் காட்டுவது சுரங்கப் பாதைக்காக அல்ல. அந்தக் கையில் ஒரு சுருள் இருந்தது, புயலில் விழுந்துவிட்டது, பழைய படங்களில் தெளிவாகத் தெரிகிறது. சதுக்கத்து ஓரத்துப் பழைய வீட்டின் வாசல் வளைவில் செதுக்கியிருக்கிற காம்பஸும் மூலைமட்டமும் சங்கத்தின் சின்னமல்ல, அந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் கருவிக் கடை வைத்திருந்தவரின் விளம்பரம். ஐவரில் கண்ணாடிக்காரர் இடது காதை இழுத்தது சங்கேதமல்லடா, அந்த மனுஷனுக்கு அந்தக் காது கேட்காது, சத்தமாகச் சொல்லு என்று அர்த்தம். ரத்தத்தில் போட்ட கையெழுத்தாவது, மண்ணாங்கட்டியாவது, சிவப்பு மை.

சங்கமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இருந்தது. சரித்திரத்தில் அதுதான் தொல்லை, முழுப் பொய்யாக இருந்தால் ஒரே துடைப்பில் துடைத்துவிடலாம். யாராவது சிறைக்குப் போனால் அவர் வீட்டு வாடகையைக் கட்டுவதற்காக வைத்திருந்த சங்கம் அது. போலீசுக்குப் பயந்து ரகசியம். வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்பதால் இன்னும் ரகசியம். உன் ஐவரில் இரண்டே பேர்தான் உறுப்பினர்கள். தாடிக்காரர் சேர ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார், இவருக்கு வாய் நிற்காது என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். தன் சுயசரிதையில் அவரே புலம்பியிருக்கிறார், நூலகத்தில் போய் மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் அவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாமாகிட்ட பண்ணின சத்தியம் எனக்குத் தெரியும்" என்றேன். நிமிராமல், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னமெல்லாம் பாலிஷ்.

"சங்கத்துக்காரங்க ராத்திரி எங்க கூடுவாங்கன்னு மாமா சொன்னானா?"

தலையாட்டல்.

"கண்ணாடிக்காரர் வீட்டுல, பின்பக்கக் கதவு வழியாப் போவாங்க. அந்தக் கதவை யாரு தெறந்துவிட்டா தெரியுமா?"

பிரஷ் நின்றது.

"அவரோட அம்மா. ஒவ்வொரு தடவையும் அவங்கதான். யாரு வராங்க, யாரு போறாங்க, என்ன பேசறாங்க, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். சத்தியத்துல அம்மா சேர்த்தி கிடையாது."

"நெஜமாவா?"

"நெஜமா."

"மாமா சொல்லவே இல்லையே."

"மாமா அந்தப் பாடத்துல வீக்."

அவ்வளவுதான், அணை உடைந்தது. இரண்டு வார ஜலதோஷம், பென்சில், ஷூ எல்லாம் வரிசை தப்பாமல் வந்தது. அடுப்பில் வைத்தது தீய்ந்துபோனது, நான் எழுந்திருக்கவில்லை. எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு, கடைசியில் மெல்ல ஒன்று வந்தது. "பஸ்ஸுல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்கம்மா. ரேடியோ பக்கத்துல உக்காந்தா காது வலிக்கும்னு சொல்லுவாங்க. இப்ப நான் பேசறதில்லல்ல, எல்லாரும் என் பக்கத்துல உக்காரணும்னு சண்டை போடறாங்க."

தாடிக்காரரைத்தான் சொன்னேன். வாய் நிற்காது என்று சங்கத்தில் சேர்க்காமல் அனுப்பிவிட்டார்கள் என்றேன். "அப்புறம் அவரு பேசாம ஆயிட்டாரா?" என்று கேட்டாள். "இல்ல, ஊர் ஊராப் போய்ப் பேசினாரு, பேசிப் பேசித்தான் நாடே வந்துச்சு. சதுக்கத்துல நடுவுல நிக்கறது யாரு?" என்றேன். விரல் விட்டு ஐந்து பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "தாடி" என்றாள். இன்றைக்கு பஸ்ஸில் பேசினாளாம். ஒருத்தி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாளாம், இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து கேட்டார்களாம். இரண்டு பேர் போதும். நீயும் இனிமேல் அவளை ரேடியோ என்று கூப்பிடாதே.

இப்போது நீ செய்ய வேண்டியது. நான் வகுப்பாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம், 'கட்டுக்கதை எது, சரித்திரம் எது' என்று தலைப்பு வைத்து, வருகிற சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் உன் சதுக்கத்துக்கே அழைத்து வருகிறார். நீதான் வழிகாட்டி. உன் மருமகள் கேள்விகள் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ஒரு நாளாவது, தம்பி, ஆதாரம் உள்ளதை மட்டும் பேசு. சுரங்கம் வேண்டாம், ரத்தம் வேண்டாம். புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தைகூட உன் வாயிலிருந்து வரக் கூடாது. பிள்ளைகளிடம் பொய் சொல்லி வளர்த்தால் பெரியவர்களாகி மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டுக் கூட்டம் போடுவார்கள், கண்ணெதிரே பார்க்கிறேன்.

இருமலை அலட்சியம் செய்யாதே. அந்தக் கிழிந்த குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு. உன் தொண்டைக்கும் உன் பிழைப்புக்கும் ஒரு குறையும் வராது, அக்கா இருக்கிறேன். உன் அத்தான் நலம் விசாரிக்கச் சொன்னார். வேறெதுவும் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

அன்புடன்,
உன் அக்கா

பின்குறிப்பு: கதவைத் திறந்துவிட்ட அந்த அம்மாவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பின்பக்கக் கதவும் இல்லை. பாலிஷ் கையால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான் மூன்று வருடம் படித்ததில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. அத்தனை பேர் ராத்திரியில் வந்துபோன வீட்டில் யாராவது எழுந்து கதவைத் திறந்திருக்கத்தானே வேண்டும், அதை எவனும் எழுதி வைக்காவிட்டால் நான் என்ன செய்வது? விஷயம் என்னவென்றால், சனிக்கிழமை அவளுடைய முதல் கேள்வியே அந்தக் கதவு எங்கே என்பதுதான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, எனக்காக ஒரே ஒரு கதவைக் காட்டிவிடுடா. எந்தக் கதவானாலும் சரி, கொஞ்சம் பழசாக இருக்கட்டும். அவள் தட்டிப் பார்ப்பாள், உள்ளே யாராவது ஒரு அம்மா இருந்து திறந்தால் இன்னும் நல்லது.