எல்லோருக்கும் விரல் இருக்கிறது

உலகில் சமத்துவம் எங்கேயாவது முழுமை அடைந்திருக்கிறது என்றால், அது கோத்தன்பர்க் நகரில், எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான். எங்களிடம் சார் கிடையாது, மேடம் கிடையாது. தலைவர் ரூனேவைக்கூட 'நீ' என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் தம்மைத் தலைவராக நினைப்பதே இல்லை. இதை வாரம் தவறாமல் கூட்டம் போட்டு எங்களுக்கு நினைவூட்டுவார்.

நாங்கள் எடை பார்ப்பவர்கள். காசு அளவுள்ள குவார்ட்ஸ் வில்லை ஒன்றைத் தாங்கியில் பொருத்தித் தண்ணீருக்குள் இறக்குவோம். மின்சாரம் கொடுத்தால் அது நொடிக்குப் பல லட்சம் முறை அதிரும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஒட்டினாலும் அதிர்வு குறைந்து, திரையில் கோடு இறங்கிவிடும். தாங்கி சரியில்லையென்றால் தண்ணீர் வில்லையின் பின்பக்கம் கசிந்து எல்லாம் பாழ். கசியாத தாங்கி ஒன்றை ஹில்லெவி என்ற தற்காலிக ஊழியர் செய்திருந்தாள். நகரக் குடிநீர் வாரியத்தார் வந்து பார்த்து வாங்கிக்கொண்டால் அவளுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

ஒரே ஒரு தொல்லை. காலையில் நாங்கள் எல்லோரும் கூடிக் காபி குடித்து, பட்டை மணக்கும் வெண்ணெய் ரொட்டியைத் தின்று முடித்ததும் கோடு இறங்கியது. அதுவும் சுத்தமான தண்ணீரில்! உடனே கூட்டம் கூட்டப்பட்டது.

ஹில்லெவி சுற்றி வளைக்கவில்லை. "ரூனே, ரொட்டி தின்ன கையோட வந்து நீதான் வில்லையை மாட்டுற. அதுல ஒட்டுறது உன் விரல்ல இருக்கிற வெண்ணெய்."

உண்மைதான். தலைவர் வேறு, தொழிலாளி வேறு அல்ல என்று காட்டுவதற்காக, அவர் அந்தப் பணியைத் தம் பொற்கரத்தால் செய்துவந்தார்.

எங்களோடு வேலை பார்க்கும் போதில் என்பவள் ஜன்னல் வழியே டிராம் வண்டியைப் பார்த்தாள். நான் சர்க்கரை போடாத காபியைக் கலக்கினேன்.

ரூனே புன்னகைத்தார். "அருமையான கருத்து, ஹில்லெவி. ஆனா 'உன் விரல்'னு பிரிச்சுப் பேசறது நல்லாவா இருக்கு? நம்ம எல்லாருக்கும்தானே விரல் இருக்கு?"

"இருக்கு. ஆனா நாங்க கையுறை போட்டு, இடுக்கியால எடுக்கறோம்."

"கையுறையா? நமக்குள்ள அப்படி ஒரு இடைவெளி வேணுமா?"

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு," என்றாள் போதில். "ஹில்லெவி, இன்னொரு ரொட்டி எடுத்துக்கயேன்!"

'விரல்கள் குறித்த பொது விழிப்புணர்வு' தேவை என்று 'ஒருமனதாக' முடிவாயிற்று. ஹில்லெவி வாயே திறக்கவில்லை. அதையும் சம்மதத்தில் சேர்த்துக்கொண்டோம்.

வாரியத்தார் வந்த அன்று, யாரும் வருவதற்கு முன்பே அவள் வில்லையை மாட்டி முடுக்கிவிட்டாள். கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது. வாரியத்து அம்மாள், "அடேயப்பா, அசையவே இல்லையே! எத்தனை வேணும்னு இன்னைக்கே சொல்லிடறோம்," என்றாள்.

ரூனேவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. "பாருங்க, இங்க யாரும் பெரியவங்க இல்ல. நானே கழட்டி மாட்டிக் காட்டறேன்," என்று ரொட்டித் தட்டைக் கீழே வைத்தார்.

"ரூனே, வேணாம்! தொடாத!" என்று ஹில்லெவி கத்தினாள்.

எங்கள் கூடத்தில் யாரும் கத்தியதே இல்லை. எல்லோருக்கும் பெரிய சங்கடமாகப் போய்விட்டது, அவளை நினைத்து. அதற்குள் ரூனே வில்லையை மாட்டி முடித்திருந்தார். கோடு சறுக்கிக்கொண்டு இறங்கியது. வாரியத்தார் காபிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் கூட்டத்தில் ரூனே கண் கலங்கினார். தவறு யாரோ ஒருவருடையது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே பழியை ஆறு பேரும் சரிசமமாகப் பங்கிட்டுக்கொண்டோம். என் பங்கை நான் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன். வேலை போவதை மட்டும் ஆறாக வெட்ட வழி தெரியவில்லை. அதை முழுசாக ஹில்லெவிக்கே கொடுத்துவிட்டோம்.