கவுதாரி இல்லாத வயலுக்கே குழாய்

திருவரங்குளத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் வயல்வெளிப் பறவைகள் அருகி வருவதை அரசு மிகுந்த கனிவுடன் கவனத்தில் எடுத்துக்கொண்டது. மருந்தடிக்காமல், வரப்போரப் புதரை அழிக்காமல் பறவைகளுக்கு இடம் விடும் விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய் இலவசம் என்று அறிவித்தது.

பக்கத்து வீட்டுச் செவந்தி அக்கா அதை யாரும் சொல்லாமலே பல வருஷமாகச் செய்துவந்தார். அவருடைய கடலைக்கொல்லை ஓரத்துப் புதரில் கவுதாரிகள் குடும்பம் நடத்தின. கிணறு வற்றிக்கொண்டிருந்தது. குழாய் வந்தால் கடலை பிழைக்கும், வராவிட்டால் காயும்.

கள ஆய்வுக்கு வந்த அலுவலர் கோபிநாத் கவுதாரிகளைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"என்னம்மா, இவ்வளவு பறவை இருக்கு?"

"குஞ்சும் இருக்குங்க சார்."

"அப்ப ஒங்களுக்கு எப்படிக் குடுக்கிறது? இது பறவை கொறஞ்சுபோன வயலுக்கான திட்டம். இங்க கொறையவே இல்லையே."

நான் சும்மா இருப்பேனா? காப்பாற்றியவருக்குக் கிடையாது, அழித்தவருக்கு உண்டா என்று கேட்டேன்.

"காய்ச்சக்காரனுக்குத்தானே பாப்பா ஊசி?"

"காய்ச்சல் இல்லாதவங்க?"

"வந்ததும் வரச் சொல்லுங்க."

அடுத்த கொல்லை முத்துராஜ் மாமாவுடையது. அவர் அடித்த மருந்துக்கு அங்கே ஈ கூட இறங்காது. 'முன்னேற வாய்ப்புள்ள நிலம்' என்று அலுவலர் அதைப் பாராட்டினார். குழாயும் உடனே வந்து இறங்கியது. ஊருக்குத் திட்டம் புரிந்துவிட்டது. ஆளாளுக்குப் புதரைக் கொளுத்தித் தகுதி பெற்றார்கள்.

செவந்தி அக்கா மட்டும் பொறுத்துப் பார்த்தார். கடலை தலை தொங்கியதும் அவரும் தீக்குச்சி கிழித்தார். நான் கையைப் பிடித்துச் சட்டம், சூழல், உணவுச் சங்கிலி எல்லாம் பேசினேன்.

"ஒன் படிப்ப ஊத்துனா கடலை நனையுமா, சொல்லு," என்றார்.

நான் பிடித்திருந்த கையை விட்டேன். புதர் எரிந்தது.

மீதிப் பேருக்குக் குழாய் வழங்கும் விழாவுக்கு அக்கா கொல்லையை ஒட்டியே பந்தல் போட்டார்கள். பறவை நேயர்களான எங்களைப் பாராட்டி முடித்து, கவுதாரிக் குரலை ஸ்பீக்கரில் போட்டார்கள். உருகிப்போய்க் கைதட்டினோம்.

அப்போது கடலைச் செடிக்குள்ளிருந்து நிஜக் கவுதாரி ஒன்று பதில் குரல் கொடுத்தது.

கோபிநாத் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "குழாய இன்னும் வண்டியிலேர்ந்து எறக்கல," என்று மட்டும் சொன்னார்.

ஊரே எழுந்து கொல்லைக்குள் ஓடியது, நான் உட்பட. எல்லோருக்கும் முன்னால் செவந்தி அக்கா. அது எங்கே பதுங்கும் என்று அவருக்குத்தானே தெரியும்.