பதினொன்று புள்ளி நான்கு

"அஞ்சுக்குள்ள இருக்கணும். பதினொண்ணு புள்ளி நாலு இருக்கு" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் தராசுக்காரர்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் மனைவி. "டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஊர்ல இல்ல. புதன்கிழமைதான் வருவாராம்."

அன்று சனிக்கிழமை. கடை கடையாகப் போய் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் உத்தியோகம். அதனால்தான் அந்தப் பெயர். கிலோவுக்கு ஐந்து கிராம் பிசகினாலே கடைக்காரரை ஜென்மப் பகையாளி போலப் பார்ப்பவர். அளவு இரண்டு மடங்குக்கு மேல் எகிறி அவர் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார், ஒன்பது வயது மகளின் தைராய்டு ரிப்போர்ட்டில்.

போன வருஷச் சீருடை இந்த வருஷமும் அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. எதற்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நம்பர் பக்கத்துல ஸ்டார் போட்டிருக்காங்களே!" என்று மகள் எட்டிப் பார்த்தாள். "அப்ப நான் பாஸா?"

"போய் விளையாடு" என்றார். உடனே, "இல்ல, விளையாடாத. உக்காரு" என்றார்.

"ரத்தம் எடுக்கும்போது அழுதாளா?" என்று மனைவி கேட்டாள்.

"மூச்! கையை நீட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா."

அதை அவர் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். லேபில் மகள், "நீங்க முதல்ல குத்திக்கங்க, நிஜமா ரத்தம் வரணும்" என்று அடம்பிடிக்க, அவரும் வீரமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி உள்ளே போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகத்தில் இருப்பது, கூரையில் சுற்றிய மின்விசிறி. லேப் அம்மாள் தண்ணீர் எடுக்க ஓடியிருந்தாள். டியூப்களை யாரோ தட்டோடு எடுத்துப் போயிருந்தார்கள். மகள் கையில் பஞ்சோடு பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதுப்பா. நீங்க மயக்கம் போட்டதை அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களும் எதுவும் சொல்லாதீங்க" என்றாள். என்ன நல்ல பிள்ளை என்று நெகிழ்ந்துபோனார். அந்த ஒப்பந்தத்தை இருவரும் கட்டிக் காத்து வந்தார்கள்.

எண் கூடியிருக்கிறது என்றால் சுரப்பி அளவுக்கு மீறி உழைக்கிறது, ஆகவே பிள்ளைக்கு ஓய்வு தேவை. இது அவராகவே கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கிப்பிங் கயிறு பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மாடி ஏறக்கூடாது என்று மகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடியில் இருந்த வீட்டுக்குக் கிளம்பினார். இரண்டாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். மகள் மீதி மாடியைத் தானே ஏறிப் போய் அம்மாவைக் கூட்டி வந்தாள்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டீங்களே. இது சுரப்பியோட அளவே இல்ல. மூளை அதைப் பாத்து 'வேலை செய்யி'ன்னு போடற சத்தம். சுரப்பி தூங்கினா சத்தம் கூடும்."

"தூங்கினா என்ன ஆகும்?"

"சோர்வு, குளிரு, மறதி, முகம் உப்பறது, குரல் கம்மறது. சின்னப் பிள்ளைன்னா வளத்தியும் நிக்கும்."

தராசுக்காரரின் கட்டைக் குரல் இன்னும் கட்டையானது. "உடனே மாத்திரை குடுங்க."

"சீட்டு இல்லாம தர மாட்டேன். டாக்டரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி முடிவு பண்ண மாட்டாரு. இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுவாரு."

சரி என்று வீட்டுக்கு வந்தவர், ரிப்போர்ட்டைக் கடையிலேயே வைத்துவிட்டதை நினைத்துத் திரும்பிப் போனார். அங்கே போனதும் எதற்கு வந்தோம் என்று யோசித்தார். கவலை மனிதனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டார். இடது பக்கம் அறிகுறி, வலது பக்கம் மகளின் நிலவரம். குளிர் என்ற வரிக்கு எதிரே, 'இல்லை. ஆனால் நான் ஃபேனை நிறுத்தினால் அவள் போடுகிறாள், ஏழு தடவை' என்று எழுதினார்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனார். வகுப்பாசிரியை வரும்வரை வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்.

"சார்... சார்!" ஆசிரியை உலுக்கினாள். "பிள்ளைங்க எல்லாம் பாத்து சிரிக்கறாங்க. எந்திரிங்க."

"என் பொண்ணு வகுப்புல தூங்கறாளா?" என்று கண்ணைக் கசக்கியபடி கேட்டார்.

"அவளா? ஒரு நிமிஷம் உக்கார வைக்க என்னால முடியல. நீங்களாவது சொல்லுங்க."

நோட்டில், 'அறிகுறிகளைத் திறமையாக மறைக்கிறாள்' என்று எழுதினார்.

சுரப்பியை எழுப்பியே தீருவது என்று செவ்வாய்க்கிழமை அவளை மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவள் ஒன்பது சுற்று ஓடினாள். அவர் ஒன்றரை. பத்தாவது சுற்றில் அவள் தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள்.

"முந்தாநாள் அசையாதன்னீங்க, இன்னிக்கு ஓட வெச்சுக் காலை உடைச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "பெத்த பிள்ளையா, சோதனைக்கு வந்த தராசா?"

இருபது வருஷமாக யார் யார் தராசையோ சரிசெய்து கொடுத்தவருக்குத் தன் பிள்ளையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் வளராமலே நின்றுவிட்டால் என்ற பயத்தில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

புதன்கிழமை டாக்டர், மருந்துக்கடைக்காரர் சொன்னபடியே மறுபரிசோதனை எழுதினார். இந்தத் தடவை மனைவி தன்னோடு மகளைக் கூட்டிப் போனாள், டாக்டர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த வேறொரு லேபுக்கு. மகள் போட்ட கூச்சல் இரண்டு மாடி தாண்டிக் கேட்டது.

"அன்னைக்கு 'மூச்'னு சொன்னீங்களே?" என்று மேலே வந்த மனைவி முறைத்தாள். நல்லவேளை, அதற்குள் அவர் டாக்டர் அறை வாசல் பெஞ்சில் தூங்கிவிட்டிருந்தார்.

மாலையில் ரிப்போர்ட் வந்தது.

"ரெண்டு புள்ளி மூணு" என்றார் டாக்டர். "அருமையா இருக்கு. உயரத்துல அம்மாவைக் கொண்டிருக்கா, அவ்வளவுதான்."

தராசுக்காரருக்குக் கண் கலங்கியது. ஃபேனுக்குக் கீழே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, "டாக்டர், நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

"அது சரி. ஆனா ஒரு வாரத்துல இவ்வளவு இறங்காதே" என்று டாக்டர் இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்தார். "முதல்ல எடுத்தப்ப பாப்பாவுக்குக் காய்ச்சல் இருந்துதா? வேற மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் மனைவி. "எப்படி எடுத்தாங்கன்னு இவரைத்தான் கேக்கணும்."

தராசுக்காரர் மேஜைமேல் இருந்த காகித எடைக்கல்லைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவை, பிறகு பிளாஸ்திரி ஒட்டிய தன் முட்டியை. ஒப்பந்தம் போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"என் பேரு ஒட்டின டியூப்ல போனது அப்பா ரத்தம் டாக்டர், அவரு மயங்கிக் கிடந்தப்ப நான் பஞ்சை மட்டும் எடுத்துக் கையில ஒட்டிக்கிட்டேன்."