அமைதியைச் சுற்றிக்காட்டும் சைக்கிள்காரர்

அமைதியைத் தேடிப் போகிறவர்கள் என்று மனிதரில் ஒரு வகை உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். அதிலேயே ஓர் உட்பிரிவும் உண்டு. அமைதியைத் தேடிப் போய், கண்டுபிடித்து, திரும்பி வந்து நாலு பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், "பாத்தீங்களா, எவ்வளவு அமைதியா இருக்கு!" என்று அது ஓடியே போகும்வரை விளக்குகிறவர்கள். நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாம் ரகத்தை. அதிலும் சைக்கிள் வைத்திருப்பவரை.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஞாயிற்றுக்கிழமை காலையில், வயதுக்குச் சற்றும் ஒத்துவராத இறுக்கமான கால்சட்டையும், கண் கூசும் மஞ்சள் பனியனும், தலையில் ஹெல்மெட்டுமாக, வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றைத் தார்ச் சாலையில், எந்த மனிதனும் காரணமில்லாமல் நிற்காத இடத்தில் நின்று, ஓர் இடிந்த சுவரைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருப்பவர் யாரோ, அவர்தான். எதிரில் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆள் இல்லாவிட்டாலும் கை இறங்காது.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். மின்சார ஆபீசில் மீட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். நண்பர்கள் வைத்த பெயர் கல்வெட்டு. அவருடைய ஊரைச் சுற்றிப் பழைய யுத்தத்தின் மிச்சங்கள் நிறைய: பாதி மண்ணுக்குள் போன கான்கிரீட் பதுங்கு அறைகள், ஆடு மேயும் விமான ஓடுபாதை, பாலத்தடியில் ஒரு காவல் கூண்டு, குன்றின்மேல் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். வேலையில் இருந்த காலமெல்லாம் இவற்றை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் ஒரு சைக்கிள் வாங்கினார். அடுத்த வாரமே யுத்தத்தில் சேர்ந்துவிட்டார்.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நீங்களே கேளுங்கள். "இந்த வாய்க்கால் வரைக்கும் நாம வந்துட்டோம். அந்த மேட்டுல அவனுங்க. ராத்திரி பூரா மழை. சாப்பாடு வேற வந்து சேரல. என்ன பண்ணுவோம் சொல்லுங்க?" யுத்தம் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவர் இவர். மழை வந்தால், மாடியில் காயும் துணியை எடுக்கக்கூட மனைவியைத்தான் அனுப்புவார்.

இந்த ரகத்துக்கு மொத்தமே மூன்று வாக்கியங்கள்தான். முதலாவது, "ஒரு நிமிஷம், இங்க நில்லுங்க." அந்த நிமிஷம் முடிவதற்குள் உங்கள் கால் மரத்துப்போகும். இரண்டாவது, "இது வெறும் சுவர்னுதானே நெனச்சீங்க?" நீங்கள் எதையுமே நினைத்திருக்க மாட்டீர்கள், காலை உணவை நினைத்திருப்பீர்கள். மூன்றாவதுதான் உச்சம். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. என்ன கேக்குது? ஒண்ணுமே கேக்கல, இல்ல? அதான் அமைதி!" இது உண்மையா என்று இன்றுவரை ஒருவராலும் சோதித்துப் பார்க்க முடிந்ததில்லை. கண்ணை மூடிய எல்லோருக்கும் அவர் குரல்தான் கேட்டது.

பேச்சு முடிந்ததும் படம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்து, நாலடி பின்னால் போய், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுப்பார். அவர் போனைப் புரட்டிப் பார்த்தால், அந்த யுத்தத்தை நடத்தி முடித்ததே ஒரு பச்சை நிற சைக்கிள்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஆரம்பத்தில் ஒரு கூட்டமே அவர் பின்னால் போனது. பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த மனிதர். ஒருவரை மூடச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், அவருக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. திங்கள் முதல் சனி வரை வலிக்காது.

ஆக, கல்வெட்டுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆள். அவர் மனைவி.

அந்தம்மா மழலையர் வகுப்பு டீச்சர். ஒரு சின்ன அறை நிறையக் குழந்தைகள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூக்கு ஒழுகும், எல்லோருக்கும் ஒரே பென்சில்தான் வேண்டும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது காதுக்குள் அந்த இரைச்சல் பாதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து வீட்டில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையன்று ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். கணவரோடு சேர்ந்து இருக்க வேண்டும், காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்: டீச்சரம்மா கேட்டது இவ்வளவுதான். இரண்டும் ஒரே சாலையில் கிடைக்கும் என்று நம்பியதுதான் அவர் செய்த தப்பு.

பல் டாக்டரின் மனைவி தன் சைக்கிளைத் தந்தார். "ஓட்டிப் பாருங்க அக்கா. புடிச்சா வச்சுக்குங்க, இல்லேன்னா திருப்பிக் குடுத்துடுங்க." பள்ளி விட்டதும் காலி மைதானத்தில் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பழகினார் டீச்சரம்மா. ஒரு முடிவும் எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பது. ஒத்துவந்தால் இனி எல்லா ஞாயிறும் இருவருக்கும் சேர்த்துத்தான். ஒத்துவராவிட்டால் திங்கட்கிழமை சைக்கிளைக் கொடுத்துவிடுவது. அவர் வழி அவருக்கு, தன் வழி தனக்கு.

சனிக்கிழமை மாலை கல்வெட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நாளைக்கு நானும் வர்றேன்."

"நீயா? தூரம் ஜாஸ்தியாச்சே."

"பரவால்ல. அங்க அமைதியா இருக்கும்னு சொல்றீங்கள்ல, எனக்கு அது போதும்."

கல்வெட்டின் முகம் மலர்ந்தது. "அமைதின்னா என்னன்னு உனக்குத் தெரியாது. நாளைக்கு வா, நான் விளக்குறேன்."

டீச்சரம்மா அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, முதல் பத்து நிமிடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. காற்று, பச்சை வயல், இரண்டு சைக்கிள்களின் மெல்லிய கிர்ர். பிறகு பதுங்கு அறை வந்தது.

"ஒரு நிமிஷம், இங்க நில்லு. உள்ள வா. குனிஞ்சு வா. இந்த ஓட்டை வழியாப் பாரு. யாரு வர்றா?"

"ஒரு ஆடு வருது."

"அது இப்ப. அப்ப?"

அப்போது யார் வந்தார்கள் என்பதை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆடு வந்து, எட்டிப் பார்த்து, சலித்துப்போய்க் கிளம்பிவிட்டது. பாலத்தடியில் இன்னொரு நிமிஷம். ஓடுபாதையில் மூன்றாவது நிமிஷம். அதற்குள் புல்லில் கிடந்த பனி முழுக்கக் காய்ந்துபோனது. 'என் பிள்ளைகளாவது நடுவில் மூச்சு விடுவார்கள்' என்று நினைத்துக்கொண்டார் டீச்சரம்மா. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வரும்போலிருந்தது. ஆசையாகக் கிளம்பி வந்தாரே! சைக்கிளை நாளைக்கே கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தார். தீர்மானித்த வேகத்தில் பெடலை மிதித்தார்.

கடைசியாக வருவது குன்று. "மெதுவா போ! இந்த மேட்டுலதான் நாம..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பிறகு, "இந்த மேட்டுல..." என்று வந்தது. பிறகு வரவில்லை. பல் டாக்டரால் முடியாததை ஒரு மேடு செய்துவிட்டது.

டீச்சரம்மா முதலில் போய்ச் சேர்ந்தார். சைக்கிளை எதன்மேலும் சாய்க்காமல், வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார். வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், அடியில் வயது. அவர் முதல் வரிசையின் முதல் கல்லிலிருந்து மெல்ல வாசிக்க ஆரம்பித்தார். தினம் காலையில் வகுப்பில் பெயர் கூப்பிட்டுப் பழகிய வாய் அது. ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு, தன்னையறியாமல், பதில் வரட்டும் என்று சற்று நின்றார்.

கல்வெட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சு இரைக்க வந்து சேர்ந்தார். மனைவியைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. "இந்தக் கல்லெல்லாம்... எங்கேருந்து கொண்டாந்தாங்கன்னா..."

டீச்சரம்மா திரும்பி, உதட்டின்மேல் விரலை வைத்தார். எப்பேர்ப்பட்ட அடங்காத பிள்ளையும் அடங்கிவிடும் விரல் அது. கல்வெட்டும் அடங்கினார்.

வேறு வேலை இல்லாததால், எதிரில் இருந்த கல்லை வாசித்தார். எத்தனையோ முறை வந்த இடம். கல் எங்கே வெட்டப்பட்டது, மதில் எத்தனை அடி உயரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு பெயரைக்கூட வாசித்ததில்லை. அடுத்த கல்லுக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சின்னப் பசங்க," என்றார் மெதுவாக. "நம்ம பொண்ணைவிடச் சின்னவங்க."

நாம வந்தோம், நாம சுட்டோம் என்று எதுவும் சொல்லவில்லை. புல்லில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருவரும் அங்கேயே இருந்தார்கள். டீச்சரம்மா தேடி வந்த ஞாயிறு அதுதான். அது கிடைத்துவிட்டதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி. வீடு திரும்பும்வரை கல்வெட்டு வாயைத் திறக்கவில்லை. பதுங்கு அறையைக் கடக்கும்போது மட்டும் வலது கை தானாக எழுந்தது. எழுந்த கையால் காதைச் சொறிந்துகொண்டார்.

திங்கட்கிழமை சைக்கிள் திரும்பிப் போகவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? செய்தி கேட்டு முழங்கால் வலி குணமான பல் டாக்டரும் அப்படித்தான் நினைத்து அடுத்த ஞாயிறு கிளம்பி வந்தார். வழியில் எங்கும் நிற்கவில்லை. பதுங்கு அறை போனது, பாலம் போனது, ஓடுபாதை போனது. டாக்டருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. குன்றின் உச்சியில் கல்வெட்டு இறங்கினார். மூச்சு வரும்வரை காத்திருந்தார்.

"ஒரு நிமிஷம், இங்க நில்லுங்க. போன வாரம், இதே எடத்துலதான், நான் ஒரு வார்த்தை பேசாம நின்னேன். அது எப்படி இருந்துச்சுன்னா..."

டாக்டர் மெதுவாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சரம்மா நிற்கவில்லை. கணவரின் பழக்கம் தெரிந்தவராக, மறுபக்கச் சரிவில் இறங்கி, அந்தக் குரல் தூரத்துத் தண்ணீர் மோட்டார் சத்தமாகத் தேயும் வளைவுவரை போய், ஒரு மரத்தடியில் காத்திருந்தார். கல்வெட்டு வந்து சேர்ந்தபோது அன்றைய சரக்கெல்லாம் தீர்ந்திருந்தது. மிச்ச வழி இருவரும் பக்கத்தில் பக்கத்தில், பேசாமல் ஓட்டிப் போனார்கள். இப்போது எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் சைக்கிள் இல்லை, இறுக்கமான கால்சட்டை இல்லை, எந்த யுத்தத்திலும் நீங்கள் சேரவில்லை. ரொம்ப நல்லது. ஆனால் அடுத்த அறையில் உங்கள் வீட்டில் ஒருவர், வாரமெல்லாம் காத்திருந்து கிடைத்த கொஞ்சநேர அமைதியில், கண்ணை மூடிச் சும்மா சாய்ந்திருக்கிறார். உங்களுக்கோ, இந்தக் கதையைக் கையோடு எடுத்துக்கொண்டு அவரிடம் போய், "ஒரு நிமிஷம், இதைக் கேளேன்" என்று ஆரம்பிக்க வாய் துறுதுறுக்கிறது. போங்கள், தாராளமாகப் போங்கள். போகும்போது அந்த ஹெல்மெட்டைப் போட்டுப் பாருங்கள், உங்கள் அளவுதான்.