சாவி எவ்வளவு நீளம்?

காரைக்குடியில் அரசாங்கத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஏராளம், டிமிக்கி கொடுப்பவர்களும் உண்டு. அரசாங்கம் கேட்ட கேள்விக்கெல்லாம் மனசாட்சிப்படி பதில் சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் ‘பர்மிட்’ அண்ணன்தான். குன்றக்குடிக் கோயிலில் செருப்பைக் கழற்றும்போதுகூட, “இங்க வைக்கப் பர்மிட் உண்டா?” என்று கேட்பார். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பேங்கில் கேட்டபோது, மாறியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்.

ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நோயாளிகளின் விவரங்களை டைப் செய்து அனுப்பும் வேலை. அவற்றை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிற என்கிரிப்ஷன் பெட்டி ஒன்றை ஆஸ்பத்திரிக்காரர்களே அனுப்பினார்கள். மாசக் கடைசிக்குள் அதை மாட்டாவிட்டால் வேலை போய்விடும், நாங்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேற வேண்டியதுதான். பெட்டியோ சென்னை கஸ்டம்ஸில் உட்கார்ந்துவிட்டது. அந்த மாதிரிப் பெட்டியை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டுமாம்.

அனுமதி என்றதும் அண்ணன் முகம் மலர்ந்தது. போனில் பேசும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். கஸ்டம்ஸ் அதிகாரி கீ லெங்த் என்ன என்று கேட்டிருக்கிறார். அந்தத் தொழிலில் கீ என்பது ஒரு எண் வரிசை; நீளம் கூடினால் பூட்டின் பலம் கூடும். அண்ணனுக்குத் தெரிந்த கீ எங்கள் நிலைவாசல் கதவின் இரும்புச் சாவி ஒன்றுதான். ஸ்கேல் வைத்து அளந்து, “ஒன்பது இஞ்ச் சார், வளையத்தையும் சேத்து” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. நாங்கள் தெருவில் நின்றோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“இங்குட்டு எல்லாரும் தெருவுல நிக்கிறோம். சாவிய எங்கண்ணே கொண்டு போனீக?”

“மெட்ராஸுக்குத்தான் தம்பி. வாயில சொன்னா நம்ப மாட்டேங்குறாக. கஸ்டம்ஸ்ல நேர்ல காட்டிட்டு வந்துர்றேன்.”

காட்டியும்விட்டார். மேசையில் வைத்த சாவியை அதிகாரி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாராம். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் எனக்கே போன் செய்தார். தெருவில் நின்றபடியே சரியான பதிலைச் சொன்னேன். ரகசியம் வைத்திருக்கிறவன் சாவியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான் சார், அனுமதிக்கு நானே எழுதுகிறேன் என்றார் அதிகாரி. வீட்டுக்காரர் தேவகோட்டையிலிருந்து மாற்றுச் சாவியோடு வரும்வரை எங்களுக்கு வெயில்தான்.

அனுமதி கிடைக்கும்வரை அண்ணன் சென்னையிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். மாசக் கடைசிக்கு முன்பே பெட்டியோடு வந்து இறங்கினார். பஸ்ஸில் இடமில்லாமல் பாதி வழி நின்றுகொண்டே வந்ததில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லையாம். திட்டக் காத்திருந்த நாங்கள் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டோம்.

“இனி யாரும் ஊரவிட்டுப் போக வேணாமுல்ல?” என்று கேட்டார்.

“இல்லண்ணே, உங்களை விட்டுட்டு எங்குட்டுப் போறது” என்றேன்.