ஆறாவது துண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். நான். என் மனைவி. ஞாயிறு தவறாமல் வரும் அவளுடைய தம்பி. மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர், அவர் மனைவி, அவர்களுடைய இரட்டைப் பெண்கள். இரட்டையரை நான் இரண்டாகத்தான் எண்ணியிருக்கிறேன். சத்தம் நான்கு பேருக்கு இருந்தது.

அலமாரிக்குள் இருந்தவை ஆறு துண்டுகள். குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும் துண்டுகள். நடந்ததற்கெல்லாம் அவைதான் காரணம் என்பதால் அவற்றையும் கணக்கில் சேர்த்துவிடுகிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் ஆணி, திருகு, நட்டு விற்கும் கம்பெனியில் கிடங்கு பார்த்தவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. எண்ணச் சொன்னால் தப்பில்லாமல் எண்ணுவேன். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்கச் சொன்னால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் என் மனைவி சொன்னாள்.

“வீட்டுக்கு நல்ல டவலா ஆறு வேணும். நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. உங்களை மாதிரி பாத்து வாங்க யாரால முடியும்?”

நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என்னைப் பாராட்டியது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும்கூட என்னை எங்கேயோ அனுப்புவதற்காகத்தான்.

போனேன். ஒரே கடைக்கு மூன்று நாள் போனேன். பதினேழு வகை பார்த்தேன். கடைப் பெண் முதல் நாள் சிரித்த முகமாக இருந்தாள்.

“எந்தக் கலர் காட்டட்டும், ஐயா?”

“கலர் கிடக்கட்டும்மா. இது தண்ணி குடிக்குமா?”

“தொட்டுப் பாருங்க, எவ்வளவு வழவழன்னு இருக்கு!”

“அதான் பயமா இருக்கு. ரொம்ப வழவழன்னு இருந்தா மேலே ஏதோ பூசியிருக்காங்கன்னு அர்த்தம். உடம்புத் தண்ணியை இங்கேர்ந்து அங்கே தள்ளுமே தவிர உறிஞ்சாது.”

காதுக்கு மருந்து விடும் சொட்டுக் குழாயைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொட்டு விட்டு எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் சொட்டு காணாமல் போனால் பாஸ். ஐந்துக்கு மேல் உருண்டுகொண்டே இருந்தால் பெயில். அடுத்தது எடை. ரொம்பக் கனமாக இருந்தால் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும், வீடு முழுக்க ஈர வாடை வீசும். ரொம்ப லேசாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது எதிரில் நிற்பவர் முகம் தெரியும். கட்டிக்கொள்கிறவனுக்கு அது நல்லதல்ல. பிறகு ஓரத் தையல் இரட்டையா என்று பார்த்தேன். நூல் வளையம் ஒன்றை நகத்தால் இழுத்தேன். கடைசியில் நீளம். என்னைச் சுற்றி ஒன்றரைச் சுற்று வர வேண்டும். நான் கூச்ச சுபாவம்.

பேண்ட்டுக்கு மேலேயே சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இன்னும் ஒண்ணுதான் பாக்கி, ஐயா. இங்கேயே குளிச்சும் பாத்துடுங்க.”

கரும்பச்சையில் ஆறு துண்டுகள் வாங்கிக்கொண்டு, போரில் ஜெயித்தவனைப் போல வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினாள். நான் சொன்னபடியே மூன்று முறை அலசிக் காயப்போட்டாள். ஒவ்வோர் அலசலுக்கும் துண்டுகள் பூத்துக்கொண்டே வந்தன. மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

“ஒண்ணு எடு, குளிக்கப் போறேன்” என்றேன்.

“இதையா? இது வர்றவங்களுக்கு.”

“அப்ப நான்?”

“நீங்க எங்கேர்ந்து வர்றீங்க? இங்கேயேதானே இருக்கீங்க?”

பதில் சரியாக இருந்தது. என் கஷ்டமே அதுதான். அவள் பதில் எப்போதும் சரியாகவே இருக்கும்.

ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது. அவளும் பழைய துண்டைத்தான் உபயோகித்தாள். ஆனால் அவளுடையதில் ஓட்டை ஒன்று. என்னுடையதில் மூன்று. வயது ஒன்பது. வெயிலில் காய்ந்தால் அதை மடிக்க முடியாது, சுவரில் சாய்த்து நிறுத்தி வைக்கலாம். குளித்துவிட்டுத் துடைத்தால் தண்ணீரோடு தோலும் கொஞ்சம் போகும்.

இந்த நிலையில் மைத்துனன் வந்தான். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தான். பன்னிரண்டு முறையும் கரும்பச்சைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அதைத் தலையில் மகாராஜா மாதிரி சுற்றிக்கொண்டு வெளியே வருவான்.

“அத்தான், டவல்னா இது டவல்! யார் வாங்கினது?”

பன்னிரண்டு முறையும் கேட்டான். எனக்கோ ஒரு முறைகூட வாய்க்கவில்லை. ஆறு துண்டு வாங்கியும் என் பங்கில்தான் துண்டு விழுந்தது.

இனி அந்த ஞாயிறு. இரண்டு தெரு தள்ளிப் பெரிய குழாய் உடைந்துவிட்டது. மறுநாள் காலைவரை தண்ணீர் வராது என்று சொல்லிவிட்டார்கள். மாடி வீட்டுத் தொட்டியை இரட்டையர்கள் ஏழரை மணிக்கே காலி செய்துவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தொட்டியில் மட்டும் தண்ணீர் இருந்தது. டிரைவர் குடும்பத்தோடு இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றார்.

“சார், பதினோரு மணிக்கு டியூட்டி. நாலு டிக்கெட் இருக்கோம். இடம் இருக்குமா?”

நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“இதென்ன கேள்வி? உள்ள வாங்க. டவலை எல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? நம்ம வீட்ல இல்லாததா?”

அலமாரி திறந்தது. டிரைவருக்கு ஒன்று. அவர் மனைவிக்கு ஒன்று. இரட்டையருக்கு ஆளுக்கு ஒன்று. மைத்துனனுக்கு ஒன்று, பதின்மூன்றாவது முறையாக. நான் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி எண்ணினேன். ஐந்து போனது. ஆறில் ஐந்து போனால் எவ்வளவு என்று எட்டாம் வகுப்பு படித்தவனுக்குத் தெரியும்.

இன்று எப்படியும் அந்த ஆறாவது துண்டால் துடைத்துக்கொள்வது என்று சபதம் செய்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்குப் போனேன்.

“ஒண்ணு மீதி இருக்கு போலிருக்கே?”

“ஆமா.”

“சும்மாதானே இருக்கு?”

“சும்மா எங்கே இருக்கு? யாராவது வந்தா?”

“யார் வரப்போறாங்க? வர வேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சே!”

“வராதவங்க இன்னும் எத்தனை பேர் பாக்கி இருக்காங்க!”

இதுவும் சரியான பதில். திரும்பி வந்து, ஐந்து பேரும் ஒவ்வொருவராகக் குளித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. யாராவது வந்தால்தானே துண்டு? வந்துவிட்டால் போயிற்று.

இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டேன். ஷூ மாட்டினேன். பரண்மேல் கிடந்த பயணப் பையை இறக்கி, தொளதொளவென்று தெரியாமலிருக்க ஒரு வாரத்துப் பழைய பேப்பரை உள்ளே திணித்தேன். பின்வாசல் வழியாக வெளியே போய், பக்கச் சந்தில் நடந்து, முன்வாசலுக்கு வந்து மணியை அடித்தேன்.

இரட்டையரில் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

“பாட்டி! தாத்தா வந்திருக்காரு!”

“தாத்தா உள்ளதானேடி இருக்காரு?”

“இல்ல பாட்டி, பையோட வந்திருக்காரு!”

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஷூவைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது. உடனே அடக்கிவிட்டாள்.

“யாருங்க வேணும்?”

“நான்... தூரத்துலேர்ந்து வர்றேன்.”

“எவ்வளவு தூரம்?”

எனக்குப் பொய் வராது. “அறுபத்திரண்டு எட்டு.”

“அடடா! களைச்சுப் போயிருப்பீங்களே. ஆனா பாருங்க, என் வீட்டுக்காரர் வெளிய போயிட்டார் போலிருக்கு. அவர் இல்லாதப்ப முன்பின் தெரியாத ஆம்பளையை உள்ள விட்டா அவருக்குக் கோபம் வரும்.”

“வராது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு அவரை நல்லாத் தெரியும்மா. தங்கமான மனுஷர்.”

“அப்ப நீங்க வேற யாரையோ சொல்றீங்க.”

உள்ளேயிருந்து மைத்துனன் குரல் வந்தது. “யாருக்கா அது?”

“யாரோ தூரத்துச் சொந்தம்னு சொல்றார்டா.”

மைத்துனன் எட்டிப் பார்த்தான். தலையில் கரும்பச்சைக் கிரீடம். “அத்தான் ஜாடை இருக்கே!”

“உங்க அத்தான் ஞாயித்துக்கிழமை ஷூ போடுவாரா? நல்லாப் பாரு.”

“ஆமாமா. அத்தானுக்கு இவ்வளவு வயசும் இல்லை.”

டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து என் பக்கம் பேசினார்.

“பாவம்மா, பெரியவர் பையைத் தூக்கிட்டு நிக்கிறார். ஸ்டாண்டிங்லயாவது ஏத்திக்கோங்க.”

உள்ளே போக அனுமதி கிடைத்தது. என்னை நல்ல நாற்காலியில் உட்கார வைத்தாள். பூப்போட்ட கோப்பையில் டீ வந்தது. அந்தக் கோப்பையில் நான் குடித்தது அதுதான் முதல் தடவை. டிரைவர் மனைவி, இரட்டையர், மைத்துனன், டிரைவர் என ஐந்து பேரும் எதிரே வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்தது. துண்டை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டாள் என் மனைவி.

“சௌக்கியம்.”

“உங்க சம்சாரம்?”

டிரைவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவளுக்கென்ன, ரொம்பக் கெட்டிக்காரி.”

“உங்களை நல்லாப் பாத்துக்கிறாங்களா?”

“ஒரு குறையும் இல்லை. டவல் விஷயத்துலதான் கொஞ்சம்...”

“ஐயோ பாவம்!”

எழுந்தாள். ஸ்டூலைப் போட்டாள். மேல்தட்டிலிருந்து ஆறாவது துண்டை இறக்கி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“முதல்ல ஒரு குளியல் போட்டுட்டு வாங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

வாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு முன்பு கடையில் பார்த்ததைவிட இப்போது எவ்வளவோ மேல். விரல் வைத்த இடம் உள்ளே போயிற்று. கன்னத்தில் வைத்தேன். இரட்டையர்கள் கைதட்டினார்கள். மைத்துனன் விசிலடித்தான். நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கூச்சப்படாமல் நானும் சேர்ந்து சிரித்தது என் ஆயுளில் அன்றுதான்.

குளியலறைக் கதவைச் சாத்தினேன். துண்டைக் கொக்கியில் மாட்டி, இரண்டு அடி தள்ளி நின்று ஒரு நிமிஷம் அழகு பார்த்தேன். குழாயைத் திருகினேன்.

குழாய் ஒரு முறை இருமியது. இரண்டு முறை இருமியது. ஒரே ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

துண்டை எண்ணினேன், ஆளை எண்ணினேன், எட்டு வைத்த காலடியை எண்ணினேன். எனக்கு முன்னால் குளித்தவர்கள் எத்தனை வாளி ஊற்றினார்கள் என்று எண்ணவில்லை.

கதவை நாலு விரல் அளவு திறந்தேன்.

“தண்ணி வரலையே!”

“வராதுங்க” என்றாள் வெளியிலிருந்து. “தொட்டி தீர்ந்து அரை மணி நேரம் ஆச்சு.”

“முன்னாலேயே சொல்றதுக்கென்ன?”

“நல்லாயிருக்கே! தூரத்துலேர்ந்து வந்த விருந்தாளிகிட்ட, உள்ள நுழையும்போதே ‘தண்ணி இல்லை’ன்னு சொல்றதா? ஒரு மரியாதை வேண்டாம்?”

“அப்ப உங்க வீட்டுக்காரர் மட்டும் இன்னைக்கு எப்படிக் குளிப்பாராம்?”

“அவருக்கென்ன குறை? இவங்கல்லாம் கீழே வர்றதுக்கு முன்னாடியே சமையலறையில ரெண்டு வாளி பிடிச்சு மூடி வச்சுட்டேன். ஒண்ணுல வெந்நீர் வேற. முதுகுவலிக்காரர், பச்சைத் தண்ணி ஒத்துக்காது.”

“அதுல ஒரு வாளி எனக்குக் குடேன்.”

“அதெப்படி? கேக்கலாமா நீங்க? அது என் வீட்டுக்காரருக்கு. வேற யாருக்கும் தரமாட்டேன்.”

கதவுக்குப் பின்னால் நின்று நிதானமாக யோசித்தேன். விருந்தாளிக்குத் துண்டு உண்டு, தண்ணீர் இல்லை. வீட்டுக்காரனுக்குத் தண்ணீர் உண்டு, துண்டு வெளியே சுவரில் சாய்ந்து நிற்கிறது. இரண்டும் உள்ள ஆள் யாராவது உண்டா என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இல்லை.

முதுகுதான் கடைசியில் முடிவு சொன்னது. அதற்கு வெந்நீர் வேண்டும்.

பையை எடுத்துக்கொண்டு விருந்தாளி கிளம்பினான். என் மனைவி வாசல்வரை வழியனுப்ப வந்தாள்.

“அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா? டவலைக் குடுத்துட்டுப் போங்க. நல்லவேளை, நனையலை.”

மடிப்புக் கலையாமல் கொடுத்தேன். சந்து வழியாக நடந்து பின்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அதற்குள் அங்கே வந்து நின்றிருந்தாள்.

“எங்கே போயிட்டீங்க இவ்வளவு நேரமா? உங்களைத் தேடி ஒருத்தர் வந்தார்.”

“யாராம்?”

“பேர் சொல்லலை. நல்ல மனுஷர்தான். என்ன, சம்சாரத்தைப் பத்திப் புதுசா பாத்தவங்ககிட்டயே குறை சொல்றார்.”

வெந்நீரில் நன்றாகக் குளித்தேன். இரண்டு வாளியும் எனக்கே. சரியான சூடு, கைவிட்டுப் பார்த்து வைத்த சூடு. பாட்டுக்கூட வந்தது. துடைத்துக்கொண்டபோது பாட்டு நின்றுவிட்டது. முதுகு செக்கச்செவேலென்று சிவந்தது.

வெளியே வந்தேன். கொடியில் கரும்பச்சைத் துண்டுகள் ஐந்தும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தது. என் தேர்வில் குறையே இல்லை. டிரைவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது என் கையைக் குலுக்கி, “டவல் பிரமாதம் சார்!” என்றார்.

என் மனைவி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னங்க, மேல்தட்டுல எத்தனை இருக்குன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க. நீங்க எண்ணினாத்தான் எனக்குத் திருப்தி.”

ஸ்டூலில் ஏறி எண்ணினேன்.

ஒன்று.