மாமனார் ‘சரி’ சொல்லும்வரை

“கட்டைவிரல் வலிக்குது,” என்றார் மாமனார்.

பெட்டியைக் கையில் கொடுத்து அதிக நேரமாகவில்லை, மாமியார் வைத்த தேநீர்கூட இன்னும் ஆறவில்லை. எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போயிற்று.

“எந்தக் கட்டைவிரல், மாமா?”

“ரெண்டும்தான். பொத்தானா இது? மச்சம் மாதிரி இருக்கு. தேடிப் பிடிச்சு அழுத்துறதுக்குள்ள பூனை விழுந்து செத்துப்போகுது.”

“பழகிட்டா சரியாயிடும், மாமா.”

“குறைன்னா குறைதான். பழகிட்டா அது குறை இல்லைன்னு ஆயிடுமா?”

பெட்டி என்பது மாப்பிள்ளை வேலை பார்க்கும் கம்பெனி கொண்டுவரப்போகிற கையடக்க வீடியோ கேம். சட்டைப் பையில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. திரையில் ஒரு பூனை கூரைக்குக் கூரை தாவும், தவறினால் விழும். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் அதைக் கையில் எடுத்தவர்கள் யாரும் லேசில் கீழே வைக்கவில்லை. அதை வரைந்து, வடிவம் கொடுத்து, பூனைக்கு வால் ஆட்டக் கற்றுக்கொடுத்தது வரை மாப்பிள்ளையும் அவருடைய சின்னப் பிரிவும்தான்.

முதலாளிக்குத்தான் ஒரு பயம். போன தடவை ஊரில் நாலு பேரிடம் சோதிக்கக் கொடுத்ததில், போட்டிக் கம்பெனிக்காரன் அதைப் பார்த்து அப்படியே செய்து முந்திக்கொண்டான். ஆகவே இந்த முறை சோதிப்பது ஒரே ஆள். அதுவும் வீட்டு ஆள். விளையாட்டு வாசனையே இல்லாத ஆள்.

“உன் மாமனார் என்னப்பா செய்றார்?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டார் முதலாளி.

“பம்பு செய்ற கம்பெனியில தரம் பார்க்கிறவரா இருந்தார், சார். இப்ப ஓய்வுல இருக்கார்.”

“பிரமாதம். அவர் வாயால ‘சரி’ன்னு வரணும். வந்த அன்னைக்கே உற்பத்தி. இது வித்துச்சுன்னா உன் பிரிவுக்குத் தனி மாடி. விக்கலைன்னா பிரிவே கிடையாது, பார்த்துக்க.”

“வேற யாராவது, சார்...”

“ஏன், மாமனாரோட பேச்சுவார்த்தை இல்லையா?”

பேச்சுவார்த்தைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. பேச்சு முழுவதும் குறையாக இருப்பதுதான் தொல்லை. மாமனார் எதைப் பார்த்தாலும் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்பவர். நாற்காலியைத் தட்டுவார், ஜன்னலைத் தட்டுவார், பேருந்தில் ஏறினால் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் பிடிப்பார். கல்யாணமான புதிதில் வாசலில் கிடந்த செருப்பைப் புரட்டிப் பார்த்து, “இடது பக்கம் தேயுது. மாப்பிள்ளை நடையில ஏதோ கோணல் இருக்கு,” என்று தீர்ப்புச் சொன்னவர். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மாப்பிள்ளை கயிற்றில் நடப்பவர் மாதிரிதான் நடக்கிறார். இந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு ‘சரி’யைக் கேட்டுவிட வேண்டும் என்பது, சொல்லப்போனால், தனி மாடியைவிடப் பெரிய ஆசை அவருக்கு.

“பொத்தானைப் பெரிசாக்கிக் கொண்டுவரேன், மாமா.”

“கொண்டுவாங்க, கொண்டுவாங்க. அப்ப இன்னும் கொஞ்ச நாள் வேலை இருக்கு உங்களுக்கு,” என்றார் மாமனார், மீசையைத் தடவிக்கொண்டு.

குத்திப் பேசுவதில் இவரை மிஞ்ச ஆள் பிறந்துதான் வரவேண்டும் என்று நினைத்தபடி மாப்பிள்ளை எழுந்தார்.

பொத்தான் பெரிதானதும் பெட்டியும் பெரிதாயிற்று. பெட்டி பெரிதானதும், நடுவில் இருந்த திரை கல்யாண மண்டபச் சுவரில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இளைத்துப்போயிற்று.

“பொத்தான் அருமை,” என்றார் மாமனார்.

மாப்பிள்ளை மூச்சு விட்டார்.

“பூனைதான் தெரியலை. ஏதோ கொசு தாவுற மாதிரி இருக்கு.”

திரையைப் பெரிதாக்கினார்கள். அதைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் மாமனாரே போன் செய்தார். அவர் போன் செய்வது அபூர்வம். மாப்பிள்ளை கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்.

“பாருங்க. பாதித் தாவல்ல நின்னுபோச்சு. அந்தக் கூரைக்கும் போகலை, இந்தக் கூரைக்கும் வரலை. அப்புறம் மொத்தமும் இருட்டு. எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

“பேட்டரி தீர்ந்துடுச்சு, மாமா. திரை பெரிசில்லையா, நிறைய இழுக்குது.”

“அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பூனைகிட்ட சொல்லுங்க.”

“பெரிய பேட்டரியா போட்டுடறேன்.”

“போடுங்க. எப்படியும் ரெண்டு மாசம் இழுக்கும், இல்லையா?” என்று மாமனார் ஆவலோடு கேட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினார் மாப்பிள்ளை. “உங்கப்பாவுக்கு என்னைக் கண்டாலே ஆகலை.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “யாரைத்தான் விட்டார் அவர்? அம்மா சமையலைச் சொல்லாத நாள் உண்டா? பிடிக்கலைன்னா அவர் வாயே திறக்க மாட்டார், தெரியுமா?”

“அப்ப இத்தனை வருஷமா என்னை ரொம்பவே பிடிச்சிருக்குபோல.”

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன். அந்தத் தலையணை உறையை இப்படி எடுங்க.”

பெரிய பேட்டரி வந்தது. கூடவே சூடும் வந்தது. மடியில் வைத்து விளையாடிய மாமனார், “வேட்டியில இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு,” என்றார். உள்ளே ஒரு சின்ன விசிறி வைத்தார்கள். விசிறி போட்ட சத்தத்தில் பூனையின் மியாவ் கேட்கவில்லை. ஒலிபெருக்கியைப் பெரிதாக்கினார்கள். அதற்குள் பெட்டியின் கனம் ஏறிப்போய் மாமனாருக்கு மணிக்கட்டு நோவெடுத்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள வார் வைத்துக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு அவர் கண்ணாடி முன் நின்றதைப் பார்த்து மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

“கழுத்து முன்னுக்கு இழுக்குது, மாப்பிள்ளை. நான் ஏதோ வண்டியில பூட்டின மாடு மாதிரி நிக்கிறேன்.”

“என்னதான் செய்யட்டும், மாமா? நீங்களே சொல்லுங்க.”

மாமனார் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், வெகுநேரம் யோசித்தார். குறை ஒன்றும் அகப்படாமல் தவிப்பதுபோல் இருந்தது. பிறகு முகம் மலர்ந்தது.

“நாலு கால் வெச்சுடுங்க. மேஜை மேல நிக்கட்டும்.”

இதை முதலாளியிடம் சொன்னபோது அவருக்கும் முகம் மலர்ந்தது.

“மேஜை மேல நிக்கப்போகுதுன்னா பேட்டரி எதுக்குப்பா? சுவர்ல பிளக் இருக்கே. பேட்டரியைக் கழட்டு, செலவு மிச்சம்.”

“அப்ப இது கையடக்கம் இல்லையே, சார்.”

“கையடக்கம்னு அட்டைப்பெட்டி அச்சடிச்சாச்சு. இனிமே மாத்த முடியாது.”

பேட்டரி போனால் சூடு இல்லை, சூடு இல்லாவிட்டால் விசிறி வேண்டாம், விசிறி இல்லாவிட்டால் காலே வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவையெல்லாம் மாமனார் கேட்டு வைத்தவை. ஒன்றை எடுத்தாலும் புதுக் குறை முளைக்கும். வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார்.

நாலு கால், ஒரு விசிறி, நீளமான ஒயர். இடுப்பில் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை போன அன்று, மாமனார் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் பந்து மாதிரி. வாய் நிறையப் பஞ்சு.

“பல் டாக்டர் வாயைத் திறக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்,” என்றார் மாமியார்.

மாப்பிள்ளை பெட்டியை மேஜையில் நிறுத்தி, ஒயரைச் செருகினார். பூனை தாவிற்று. மியாவ் என்றது. விசிறி சுழன்றது. மாமனார் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார். காதை வைத்தார். பிறகு நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“எப்படி இருக்கு, மாமா?”

“ம்ம்... ம்ம்ம்.”

“குறை ஏதாவது?”

“ம்ம்ம்ம்.” கையை ஆட்டினார். ஒயரைக் காட்டினார். கூரையைக் காட்டினார். தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

“பாவம், வலி தாங்கலை அவருக்கு,” என்றார் மாமியார். “நீங்க கிளம்புங்க, மாப்பிள்ளை. படுக்கட்டும்.”

மாப்பிள்ளை தெருவுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டார்.

“குறை சொன்னாரா?” என்றார் முதலாளி.

“ஒரு வார்த்தைகூடச் சொல்லலை, சார்.”

“குறை சொல்ற மனுஷர் சொல்லலைன்னா அதுக்குப் பேர் என்ன? நாளைக்கே ஆரம்பிச்சுடறேன்.”

மாமனார் வாசல்வரை வந்து இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். வழியனுப்புகிறாராக்கும் என்று மாப்பிள்ளையும் கையை வீசினார். கண்ணில் லேசாக நீர் கோத்தது. மாமனார் பஞ்சை எடுப்பதற்குள் தொழிற்சாலையில் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

பெட்டிகள் கடைக்குப் போயின. போனவை போன இடத்திலேயே இருந்தன. என்ன ஏது என்று கேட்க மாப்பிள்ளையே ஒரு பெரிய கடைக்குப் போனார்.

“நான் என்ன சார் செய்ய?” என்றார் கடைக்காரர். “கையடக்கம்னு அட்டையில போட்டிருக்கு. யாரோட கைன்னு போடலையே.”

“ஒண்ணுகூடவா போகலை?”

“ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க. மறுநாளே திருப்பிட்டாங்க. மேல காய்கறியை வெச்சா எடை காட்டலையாம்.”

“இது தராசு இல்லைங்க. விளையாடுறது.”

“அதை நீங்கதான் சொல்றீங்க. பார்த்தா தெரியணும் இல்லையா?”

பக்கத்து அலமாரியில் போட்டிக் கம்பெனிக்காரனின் புதுச் சரக்கு இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. மச்சம் மாதிரிப் பொத்தான். அதன் முன்னால்தான் கூட்டம்.

முதலாளி கூட்டம் போட்டார். “ஏன் விக்கலை? ஒரே வார்த்தையில சொல்லு.”

“கையில பிடிக்க முடியலை, சார்.”

“அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“மாமா சொன்னார், சார். அதனாலதான் கால் வெச்சோம்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்லர். பிரிவில் இருந்த மற்றவர்களை வேறு வேறு மூலைகளில் உட்காரவைத்தார். மாப்பிள்ளைக்கு மட்டும் மூலை கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை அலுவலகத்திலிருந்து நேரே மாமனார் வீட்டுக்குப் போனார். பேருந்தில் வழி முழுக்க ஒத்திகை பார்த்தார். செருப்புத் தேய்மானத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று முடிவு. ஆனால் மாமனார் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“பிரிவை மூடிட்டாங்க, மாமா. எனக்கும் வேலை போச்சு.”

தட்டிய கை அப்படியே நின்றது. “உங்க வேலையா?”

“ஆமா. இப்ப திருப்திதானே உங்களுக்கு?”

மாமனார் நாற்காலியைத் தட்டிப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. முதல் முதல்ல கொண்டுவந்தேனே, அந்தப் பெட்டியில என்னதான் குறை?”

“ஒண்ணும் இல்லை.”

“என்ன சொல்றீங்க?”

“ஒரு குறையும் இல்லை, மாப்பிள்ளை. நான் எத்தனையோ சாமானைத் தட்டிப் பார்த்திருக்கேன். அவ்வளவு சுத்தமான வேலை பார்த்ததில்லை. சரியா இருந்துச்சு.”

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. மாமனார் எழுந்து, முகத்தைக் காட்டாமல் கொல்லைப் பக்கம் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“என்ன மனுஷர் அத்தை இவர்?” என்றார் மாப்பிள்ளை, அடுப்படியிலிருந்து வந்து நின்ற மாமியாரிடம். “நல்லா இருந்ததை நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வரலையா? என் மேல அப்படி என்ன கோபம்?”

மாமியார் கொல்லைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கோபமா? இவர் ஓய்வுல வந்தார்னு நாங்க வெளியில சொல்லிக்கிறதுதான், மாப்பிள்ளை. பம்புல இனி ஒரு குறையும் இல்லைன்னு இவர் சொன்ன வாரம்தான், அப்ப நீ எதுக்குன்னு இவரை வீட்டுக்கு அனுப்பினாங்க. ‘நான் சரின்னு சொல்லிட்டா மாப்பிள்ளையையும் அனுப்பிடுவாங்க’ன்னு சொல்லிச் சொல்லி, உங்க வேலை நிலைக்கணுமேன்னு, பாவம், ராப்பகலா உக்காந்து குறை கண்டுபிடிச்சுக்கிட்டிருந்தார்.”